காட்டில் குதிரையை எங்கே கட்டுவது?

குதிரை என்றதும் நம் மனக்கண்முன் வருபவை சிலவே. ஊர் எல்லையில் நிற்கும் ஐயனாரின் மண்குதிரை. வரலாற்றுப் பாடத்தில் வரும் குதிரைப்படை. கொடைக்கானல் ஏரிக்கரையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வலம்வரும் வாடகைக் குதிரை. இவற்றுள் எதுவும் காட்டில் இரவு தங்குவதில்லை. ஆனால், குதிரைமேல் கூடாரத்தையும் உணவையும் ஏற்றிக்கொண்டு, பல நாட்கள் அடர்ந்த காட்டுக்குள் சென்று தங்கி வரும் வழக்கம் உலகின் சில பகுதிகளில் இன்றும் இருந்து வருகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்கே உள்ள மலைக்காடுகள் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

நான் தாவரவியல் பயில்பவன். விடுதியில் என் அறையில் உடன் தங்கியிருக்கும் நண்பர் விலங்கியல் பயில்பவர். இந்தக் குதிரைப் பயணங்களைப் பற்றி நாங்கள் இருவரும் சேர்ந்தே படிக்கத் தொடங்கினோம். அத்தனை குதிரைகள் வந்து தங்கினால் மரம் என்ன ஆகும் என்பது என் கேள்வி. புல்வெளியில் வாழப் பிறந்த குதிரை மரங்களுக்கு நடுவே இரவை எப்படிக் கழிக்கும் என்பது அவர் கேள்வி. படிக்கப் படிக்க இரண்டு கேள்விகளும் ஒன்றாகி, 'இரவில் குதிரையை எங்கே, எப்படிக் கட்டுவது?' என்ற ஒரே கேள்வியில் வந்து நின்றன. கேட்பதற்குச் சிறிய கேள்வி. ஆயின், ஒரு காட்டின் நலமும், அக்காட்டுக்குள் குதிரையோடு செல்லும் மனிதனின் உரிமையும் அதன் விடையைப் பொறுத்தே இருக்கின்றன.

வண்டி புகாத காடு

மான்டனா மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரில், பாப் மார்ஷல் வனப்பகுதி என்ற ஒரு பெருங்காடு உள்ளது. அதன் பரப்பு சுமார் 10 லட்சம் ஏக்கர். நம் நீலகிரி மாவட்டத்தைவிடப் பெரியது. காடுகளைக் காடுகளாகவே விட்டுவைக்க வேண்டும் என்று ஓயாது வாதாடி, 1935-ஆம் ஆண்டில் 'வில்டர்னஸ் சொசைட்டி' என்ற அமைப்பைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ராபர்ட் மார்ஷல் (1901-1939) என்ற வனவியல் அறிஞரின் பெயரை அது தாங்கி நிற்கிறது.

1964-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இயற்றிய வனப்பகுதிச் சட்டம் இத்தகைய காடுகளுக்குள் மோட்டார் வண்டிகளைத் தடை செய்தது. மோட்டார் வண்டி மட்டுமன்று, சைக்கிளுக்கும் அங்கு இடமில்லை. மனிதன் தன் காலால் நடந்து செல்லலாம். அல்லது குதிரையின் காலை நம்பிச் செல்லலாம். காட்டுப் பாதையில் விழுந்த மரத்தை அகற்றும் பணியாளர்கள்கூட இயந்திர ரம்பத்தை விடுத்து, இருவர் இருபுறமும் நின்று இழுக்கும் பழைய ரம்பத்தையே பயன்படுத்துகின்றனர். அந்த ரம்பத்தையும் அவர்களுடைய உணவையும் சுமந்து செல்பவை பெரும்பாலும் கோவேறு கழுதைகளே. காட்டுத்தீயை அணைக்கச் செல்வோருக்குப் பொதி சுமக்கும் விலங்குகளை அனுப்புவதற்கென்றே 1930-ஆம் ஆண்டில் மான்டனாவின் நைன்மைல் பள்ளத்தாக்கில் வனத்துறை ஒரு நிலையத்தை நிறுவியது. எனவே, அங்கே குதிரை ஒரு பொழுதுபோக்கு மட்டும் அன்று. காட்டின் வேலைக்காரனும் ஆகும்.

ஆயினும், குதிரை கால் வைத்த இடமெல்லாம் நலமாக இருந்துவிடவில்லை. ஒரே தங்குமிடத்தில் ஆண்டுதோறும் குதிரைகள் கட்டப்பட்டதால் மரங்கள் பட்டுப்போயின, ஓடைக்கரைகள் சரிந்தன, புல்தரைகள் புழுதிக்காடாயின. இப்படியே போனால் குதிரைகளைக் காட்டுக்குள் விடக்கூடாது என்ற குரல் வலுத்துவிடும் என்பதை உணர்ந்த குதிரைக்காரர்கள் சிலர், 1973-ஆம் ஆண்டில் மான்டனாவின் பிளாட்ஹெட் பள்ளத்தாக்கில் ஒரு சங்கம் கண்டனர். காட்டுக்குள் குதிரையோடு செல்லும் உரிமையைக் காப்பதும், அவ்வுரிமைக்குத் தகுதியாகக் காட்டைக் கெடுக்காமல் தங்கப் பழகுவதும் அதன் நோக்கங்கள். அச்சங்கம் பின்னர் நாடு தழுவிய அமைப்பாக வளர்ந்தது.

குதிரையின் உடலும் மனமும்

குதிரையை எங்கே கட்டுவது என்று முடிவு செய்யுமுன், அது எப்படிப்பட்ட விலங்கு என்று அறிய வேண்டும்.

குதிரை திறந்த புல்வெளியில் கூட்டமாக வாழ்ந்து, பகையைக் கண்டால் ஓடித் தப்பிய விலங்கு. அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால், ஏறக்குறையத் தன்னைச் சுற்றி எல்லாத் திசைகளிலும் நடப்பதைக் காணும். நெற்றிக்கு நேர் எதிரே சிறிது இடமும், வாலுக்கு நேர் பின்னே சிறிது இடமும் மட்டுமே அதன் பார்வைக்கு எட்டாதவை. காட்டில் மரங்கள் இந்தப் பார்வையை மறைக்கின்றன. சருகு அசைந்தால் அது காற்றா, கரடியா என்று குதிரைக்குத் தெரியாது.

அதன் வயிறும் புல்வெளிக்கு ஏற்றதே. மாட்டைப்போல் அது அசைபோடுவதில்லை. உடலின் அளவுக்கு இரைப்பை மிகச் சிறியது. 8 முதல் 15 லிட்டர் வரையே கொள்ளும். ஆகவே, அது சிறிது சிறிதாக நாள் முழுவதும் மேய்ந்துகொண்டே இருக்க வேண்டும். உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரைப்பையில் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். ஒவ்வாததைத் தின்றுவிட்டால் குதிரையால் வாந்தியெடுக்கவும் இயலாது. இதனால், நீண்ட நேரம் பட்டினி கிடந்தாலும், திடீரெனத் தீவனத்தை மாற்றினாலும், போதிய தண்ணீர் கிடைக்காவிட்டாலும் சூலை எனப்படும் கடும் வயிற்றுவலி வரக்கூடும். அது உயிரையே கொண்டுபோய்விடலாம். ஒரு நாளைக்கு 25 முதல் 45 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும் குதிரை, மலையேறிய நாளில் அதற்கு மேலும் குடிக்கும். மருத்துவரை அழைக்க இரண்டு நாள் நடக்க வேண்டிய காட்டில் இச்செய்திகள் ஏட்டுச் சுரைக்காய் அல்ல.

உறக்கத்திலும் ஒரு புதுமை உண்டு. நின்றுகொண்டே கண்ணயர்வதற்கு ஏற்றவாறு அதன் கால் மூட்டுகளைத் தசைநார்கள் தாங்கிப் பிடிக்கின்றன. ஆனால், ஆழ்ந்த உறக்கத்துக்கு அது சிறிது நேரமாவது படுத்தாக வேண்டும். கூட்டத்தில் ஒன்று நின்று காவல் காக்க, மற்றவை படுக்கும். தனியே கட்டப்பட்ட குதிரைக்கு இந்த நிம்மதி இல்லை.

பசித்த குதிரை என்ன செய்யும்? எட்டிய மரப்பட்டையைக் கடிக்கும். தனித்த குதிரையும், அச்சமுற்ற குதிரையும், ஈக்கடிக்கு ஆளான குதிரையும் என்ன செய்யும்? முன்னங்குளம்பால் தரையைப் பறித்துக்கொண்டே இருக்கும். இங்கேதான் விலங்கியலும் தாவரவியலும் கைகோக்கின்றன. குதிரையின் துன்பம் அன்றிரவே மரத்தின்மீது இறங்கிவிடுகிறது.

மரத்தின் உயிர் எங்கே?

மரம் தடித்த பொருளாகத் தோன்றினாலும், அதன் வளரும் பகுதி மெல்லிய ஓர் உறையே. பட்டைக்கு அடியில் இலைகள் தயாரித்த உணவை வேருக்குக் கொண்டு செல்லும் புளோயம் உள்ளது. அதற்கும் உள்ளே புதிய திசுக்களைத் தோற்றுவிக்கும் கேம்பியம் உள்ளது. நடுமரம் வைரம் பாய்ந்து நின்றாலும், இந்த உறை சுற்றிலும் அறுந்துவிட்டால் வேருக்கு உணவு செல்வது நின்றுவிடும். மரம் உடனே சாய்வதில்லை. பழைய சேமிப்பில் சில காலம் பசுமையாக நின்று, பிறகு பட்டுப்போகும். அப்போது அதைக் கொன்ற கயிற்றின் சொந்தக்காரர் அங்கே இருக்கமாட்டார்.

ஐந்நூறு கிலோ எடையுள்ள குதிரை, மெல்லிய கயிற்றால் மரத்தில் கட்டப்பட்டு, இரவு முழுவதும் இழுத்துக்கொண்டே இருந்தால் கயிறு ரம்பம்போல் பட்டையை அறுக்கும். ராக்கி மலைகளில் மிகுதியாக வளரும் லாட்ஜ்போல் பைன் மரத்தின் பட்டை மெல்லியது, எளிதில் காயப்படும். அடியிலோ குதிரையின் குளம்பு மண்ணைப் பறித்து மேல்வேர்களை வெளிப்படுத்துகிறது. பறிக்காத இடத்தில் மிதித்து மண்ணை இறுக்குகிறது. இறுகிய மண்ணில் காற்றும் நீரும் புகா. வேர்கள் மூச்சுவிட முடியாமல் தளரும். நூறாண்டு வளர்ந்த மரத்துக்குச் சில இரவுகளே போதும்.

உயர்கயிறு

இதற்குக் குதிரைக்காரர்கள் கண்ட விடை எளியது. அவர்கள் அதை 'ஹைலைன்' என்பர்; நான் உயர்கயிறு என்று குறிப்பிடுகிறேன். குதிரையை மரத்தில் கட்டாமல், இரண்டு மரங்களுக்கு இடையே குதிரையின் தலைக்கு மேலாக, சுமார் 7 அடி உயரத்தில் ஒரு கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டி, குதிரைகளை அந்தக் கயிற்றில் கட்டுவதே அது.

நம் வீடுகளில் துணி உலர்த்தக் கட்டும் கொடி போன்றதுதான். ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் காரணம் உண்டு. மரத்தைச் சுற்றி வருவது கயிறு அன்று. இரண்டு அங்குலமோ அதற்கு மேலோ அகலமுள்ள நாடாப்பட்டை. இழுவிசை பரந்த இடத்தில் படிவதால் பட்டை அறுபடாது. தேர்ந்தெடுக்கும் மரங்கள் பருத்தவையாக, உறுதியானவையாக இருக்க வேண்டும். குதிரையைக் கட்டும் இடங்களில் கயிற்றில் வளையங்கள் அமைக்கப்படும். அவை நகர்ந்தால் குதிரைகள் ஒன்றையொன்று நெருங்கி உதைத்துக்கொள்ளும். ஓரத்துக் குதிரையும் மரத்தின் அடியை எட்டாத தொலைவில் நிற்க வேண்டும். தலைக்கயிற்றின் நீளமும் முக்கியமானது. குதிரை தலை தாழ்த்தினால் தரையில் போட்ட புல்லை எட்ட வேண்டும். ஆனால், கயிறு தொய்ந்து காலில் சிக்கும் அளவுக்கு நீளக்கூடாது. இழுத்த மாத்திரத்தில் அவிழும் முடிச்சே போட வேண்டும். சிக்கிக்கொண்டு மிரளும் குதிரையின் பக்கத்தில் நின்று முடிச்சை ஆராய்ந்துகொண்டிருக்க நேரமிராது.

இடம் தேர்வதிலும் விதி உண்டு. கயிறு கட்டும் இடம் ஓடையிலிருந்தும் ஏரியிலிருந்தும் குறைந்தது 200 அடி தள்ளி இருக்க வேண்டும். ஈரமண்ணைத் தவிர்த்து, உலர்ந்த, கடினமான, கல் கலந்த தரையைத் தேட வேண்டும். குதிரைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்போதுதான் அவை அமைதி கொள்ளும். தரை பறிபடுவது கண்டால் கயிற்றை வேறிடத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

பிற வழிகள்

எப்போதும் கட்டியே வைத்தால் குதிரை மேய்வது எப்போது? மாலையிலும் காலையிலும் சில மணி நேரம் அதை மேயவிட வேண்டும். நம் ஊர்களில் சலவைத் தொழிலாளர் கழுதையின் முன்னங்கால்களைப் பிணைத்து மேயவிடுவதைப் பலரும் கண்டிருப்பர். அதே தளையை அங்கே குதிரைக்கும் இடுகின்றனர். ஆனால், தளையை முற்றும் நம்பலாகாது. பழகிய குதிரை இரண்டு முன்னங்கால்களையும் சேர்த்துத் தாவித் தாவி வெகுதூரம் போய்விடும். போவதும் பெரும்பாலும் வந்த வழியே, வீட்டை நோக்கி!

தரையில் முளையடித்து நீண்ட கயிற்றில் கட்டுவது மற்றொரு வழி. ஒரே இடத்தில் விட்டால் வட்டமாகத் தரை மொட்டையாகிவிடும். ஆதலால் முளையை அடிக்கடி மாற்ற வேண்டும். மின்கலத்தால் இயங்கும் மெல்லிய மின்வேலியும் இக்காலத்தில் பயன்படுகிறது. வீட்டிலேயே அவ்வேலிக்குப் பழகிய குதிரைக்குத்தான் அது பொருந்தும்.

இவற்றுள் எனக்குப் பிடித்தது மணி கட்டும் வழக்கம். கோவேறு கழுதைகளுக்குப் பெண்குதிரையைப் பின்தொடரும் இயல்பு உண்டு. ஆகவே, ஒரு பெண்குதிரையின் கழுத்தில் மணியைக் கட்டி, அதை மட்டும் தளையிலோ முளையிலோ வைத்தால் மற்றவை அதனை விட்டு அகலா. கூடாரத்தில் படுத்திருப்பவருக்கு மணியோசை கேட்டுக்கொண்டிருக்கும் வரை கவலையில்லை. ஓசை தேய்ந்தால் எழுந்து ஓட வேண்டியதுதான்.

தீவனமும் விதையும்

ஐந்நூறு கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 9 கிலோ உலர்புல் வேண்டும். ஒரு பொதிக்குதிரை சுமக்கக்கூடியது ஏறத்தாழ 70 கிலோ. கணக்குப் போட்டுப் பாருங்கள்! தீவனத்தை மட்டும் சுமந்து சென்றால், எட்டு நாட்களுக்குள் தன் சுமை முழுவதையும் அதுவே தின்று தீர்த்துவிடும். எனவே, ஓரளவு தீவனத்தைச் சுமந்து சென்று, எஞ்சியதை மேய்ச்சலால் ஈடுகட்டுகின்றனர். மேய்ச்சலிலும் 'பாதியை எடு, பாதியை விடு' என்பது மேய்ச்சல் நில அறிஞர்களின் பொதுவிதி. இலையில் பாதியேனும் நின்றால்தான் புல் வேருக்கு உணவளித்து மீண்டும் தழைக்கும்.

தீவனத்தோடு வரும் மற்றோர் ஆபத்து களைவிதை. வயலில் அறுத்த புல்லில் கலந்துள்ள விதைகள் பல குதிரையின் குடலைக் கடந்தும் முளைக்கும் ஆற்றல் உடையவை. சாணத்தில் உரமும் ஈரமும் சேர்ந்தே கிடைப்பதால், விதைக்கு அதைவிட நல்ல நாற்றங்கால் வேறில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த நேப்வீடு என்ற களை மான்டனாவின் புல்வெளிகளைப் பெருமளவில் கவர்ந்துகொண்டது. நம் நிலங்களில் பார்த்தீனியம் செய்த கேட்டை அறிந்தவர்களுக்கு இதன் கடுமையை விளக்க வேண்டுவதில்லை. ஆதலால், அம்மாநிலத்தின் தேசியக் காடுகளுக்குள் களைவிதை அற்றது எனச் சான்று பெற்ற தீவனத்தை மட்டுமே கொண்டு செல்ல அனுமதி உண்டு. சாலச் சிறந்தது, புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே குதிரைக்கு அந்தத் தீவனத்தைக் கொடுத்துவிடுவதாகும். முன்பு தின்ற விதைகள் பெரும்பாலும் வீட்டிலேயே வெளியேறிவிடும். வயிற்றுக்கும் திடீர் மாற்றம் இராது. இங்கும் காட்டுக்கு நல்லதே குதிரைக்கும் நல்லதாக அமைவதைக் காண்க.

கிரிஸ்லி கரடிகள் உலவும் காடாதலால், தானியத் தீவனத்தையும் மனித உணவைப் போலவே பாதுகாக்க வேண்டும். தரையிலிருந்து 10 அடி உயரத்தில், மரத்திலிருந்து 4 அடி தள்ளித் தொங்கவிடுவது வழக்கம். கரடிக்கு ஓட்ஸும் விருந்துதான்.

மரமே நஞ்சானால்

இதுவரை மரத்தைக் குதிரையிடமிருந்து காப்பதைப் பார்த்தோம். குதிரையை மரத்திடமிருந்து காக்க வேண்டிய இடங்களும் உண்டு. அமெரிக்காவின் கிழக்கு மாநிலக் காடுகளில் சிவப்பு மேப்பிள் என்ற அழகிய மரம் எங்கும் வளர்கிறது. அதன் வாடிய இலைகளைத் தின்ற குதிரையின் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து, உயிருக்கே ஆபத்து நேரும். புயலில் ஒடிந்த கிளையின் கீழே குதிரையைக் கட்டுவது எவ்வளவு கேடானது என்பது இதனால் விளங்கும். கறுப்பு வால்நட் மரத்தின் சீவல்களைப் படுக்கையாக இட்டால், சில மணி நேரத்திலேயே குளம்பின் உட்பகுதி அழற்சியுற்று குதிரை நிற்க இயலாமல் தவிக்கும். பிளாக் லோகஸ்ட் மரத்தின் பட்டை நஞ்சு. யூ மரத்தின் இலை கொடிய நஞ்சு. கயிறு கட்டுமுன் அண்ணாந்து பார்த்து மரத்தின் பெயரை அறிந்துகொள்வது அங்கே உயிர் காக்கும் அறிவாகும். தாவரவியல் செய்முறை வகுப்பில் இலையின் அமைப்பைப் பார்த்து மரத்தை இனங்காணக் கற்பதற்கு இதைவிடச் சிறந்த காரணம் எனக்குத் தோன்றவில்லை.

பல ஊர்க் குதிரைகள் ஓரிடத்தில் கூடுவதால் நோயும் பரவலாம். குதிரைத் தொற்றுச் சோகை என்ற நோயின் வைரஸைக் கடிக்கும் ஈக்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்கின்றன. இதைக் கண்டறியும் இரத்தச் சோதனையை 1970-ஆம் ஆண்டையொட்டி லீராய் காகின்ஸ் என்ற அறிஞர் உருவாக்கினார். மாநில எல்லையைக் கடக்கும் குதிரைக்கு அச்சோதனையில் நோயில்லை என்ற சான்று இன்றும் கேட்கப்படுகிறது.

புறப்படும் காலை

கூடாரத்தைச் சுருட்டிக் கட்டியவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. ஒரு குதிரை நாளொன்றுக்கு இருபது கிலோவுக்கு மேல் சாணமிடும். அதைக் குவியலாக விடாமல் மெல்லிதாகப் பரப்பிவிட்டால் வெயிலில் உலரும்; ஈக்களும் பெருகா. குளம்பு பறித்த பள்ளங்களை மண்ணிட்டு நிரப்ப வேண்டும். சிதறிய புல்லைக் கூட்டி எடுக்க வேண்டும். நாடாப்பட்டைகளை அவிழ்த்து மரப்பட்டையில் காயம் உண்டா என்று தடவிப் பார்க்க வேண்டும். கடைசியாக விலகி நின்று, அடுத்து வருபவர் இங்கே குதிரை நின்றது என்று கண்டுகொள்வாரா என எண்ணிப் பார்க்க வேண்டும். கண்டுகொள்ள மாட்டார் என்றால் புறப்படலாம்.

இவையெல்லாம் தொலைதூரத்து நாட்டின் செய்திகள். நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். நம்மில் பெரும்பாலோர் குதிரையோடு காட்டுக்குள் செல்லப் போவதில்லை என்பது உண்மையே. ஆயினும், ஆண்டுதோறும் நம் துறை மாணவர்கள் தாவரம் திரட்ட மலைக்காடுகளுக்குச் செல்கிறோம். நாம் கூடாரக் கயிற்றை எந்த மரத்தில் கட்டுகிறோம்? எந்தச் செடியை வேரோடு பிடுங்குகிறோம்? சமைத்த இடத்தை எப்படி விட்டு வருகிறோம்? சட்டம் தடுப்பதற்கு முன்பே தம்மைத் தாமே திருத்திக்கொண்டதால்தான் மான்டனாவின் குதிரைக்காரர்கள் இன்றும் தம் காட்டுக்குள் செல்கின்றனர். அடுத்த ஆண்டு நம் இளைய வகுப்பினருக்கும் அந்த மலையின் கதவு திறந்திருக்க வேண்டுமானால், இவ்வாண்டு நாம் அங்கே எப்படித் தங்கினோம் என்பதே அதற்கு அனுமதிச் சீட்டாகும்.